லாம்பிங் பெயரில் ஓர் அழைப்பு

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் சுவரை ஒட்டி ஒரு மரச்சிலுவை. அதில் ஓஸ்டர்ஹோல்ட் என்று எழுதியிருக்கும். பெர்ண்ட் வாராவாரம் அதற்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றுவான். அங்கே கிடப்பது அவன் மனைவி எங்கலின் முதல் புருஷன். எங்கலைக் கட்டிய நாளிலிருந்து பெர்ண்டும் ஓஸ்டர்ஹோல்ட்தான்.

"என் பேர்ல ஒருத்தன் ஏற்கெனவே செத்துக் கெடக்கிறான்," என்றான் என்னிடம். "நான் இன்னும் சாகவே இல்ல."

அவசரப்படாதே என்றேன்.

எங்கள் பக்கம் பெயர் வீட்டுக்குத்தான். ஓஸ்டர்ஹோல்ட் பண்ணையில் அடுப்பு மூட்டுகிறவன் ஓஸ்டர்ஹோல்ட். நேற்றுவரை அவன் யாராக இருந்தாலும் சரி. பண்ணைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே வருகிறவன், மரக்காலணியைக் கழற்றுவதுபோல் பழைய பெயரை வாசலில் கழற்றிவிட்டு வருவான். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிடுவது அம்மாவும் பாதிரியாரும். பெர்ண்டை நானும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கதை சொல்ல வசதி என்பதால் இங்கே கூப்பிடுகிறேன்.

என் வீடு ஏப்பிங். நான் அங்கேயே பிறந்தவன். எனக்குத் தொல்லை இல்லை.

நான் அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அது எங்கள் ஊரில் ஒரு பதவி. அவன் பசு கன்று போட்டால் ஓட வேண்டும். அவன் வீட்டில் சாவு விழுந்தால் ஊருக்குச் சொல்ல வேண்டும். அவன் புலம்பினால் கேட்கவும் வேண்டும். கன்றும் சாவும் எப்போதாவதுதான் வந்தன.

பெர்ண்ட் பிறந்தது லாம்பிங் பண்ணையில். சதுப்புக்கு அந்தப்புறம், வண்டியில் போனால் ஒரு காலைப்பொழுது ஆகும். இளைய மகன். பண்ணை அண்ணன் எவெர்ட்டுக்குப் போனது. பெர்ண்ட் பட்டாளத்துக்குப் போனான். அங்கேதான் கெட்டுப்போனான். பட்டாளத்தில் பெயர் ஆளோடு நடந்தது. ரஷ்யா பக்கம் போனாலும் லாம்பிங், திரும்பி ஓடி வந்தாலும் லாம்பிங். வீடே இல்லாத இடத்தில் ஒருவனுக்குப் பெயர் இருக்கலாம் என்று அவன் கண்டுகொண்டான். அதை மறக்க முடியவில்லை.

திரும்பி வந்து எங்கலைக் கட்டினான். அன்று மாலையே நாங்கள் எல்லோரும் அவனை ஓஸ்டர்ஹோல்ட் என்றோம். எங்கலும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவன் ஒவ்வொருவரையும் திருத்தினான். நாங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டோம். மறுபடி ஓஸ்டர்ஹோல்ட் என்றோம்.

ஒருமுறை அவனோடு பட்டாளத்தில் இருந்த ஒருவன் அவனைத் தேடி வந்தான். ஒற்றைக் கண். லாம்பிங் வீடு எது என்று கேட்டான். சதுப்பைத் தாண்டி என்று சரியாக வழி சொல்லி அனுப்பினேன். எவெர்ட் அவனுக்கு மோர் கொடுத்து, உன்னை எனக்குத் தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். மாதம் ஒன்று கழித்து விஷயம் தெரிந்தபோது பெர்ண்ட் என்னோடு பேசுவதை நிறுத்தினான். மறுநாள் அவன் பன்றி வேலி தாண்டியது. பேச வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவே ஓஸ்டர்ஹோல்ட் வீடு சாய ஆரம்பித்தது. தூண்களின் அடி உளுத்துவிட்டது. மழை பெய்தால் எங்கல் கட்டிலின் மேல் வாணலியை வைத்துவிட்டுப் பக்கத்தில் சுருண்டு படுப்பாள். புது வீடு கட்டியே ஆக வேண்டும்.

பெர்ண்டுக்கு அப்போதுதான் யோசனை வந்தது. பழைய வீட்டுக்குப் பழைய பெயர். புது வீட்டுக்குப் புதுப் பெயர். இதில் யார் என்ன சொல்ல முடியும்? பெரிய கதவுக்கு மேலே வரும் ஓக் உத்தரத்தில், கட்டியவர்கள் பெயரைச் செதுக்குவது வழக்கம். அவன் தச்சரிடம் சொல்லிச் செதுக்க வைத்தான். "கடவுள் துணையோடு லாம்பிங் எழுப்பியது." எழுத்து பெரிது. புருஷன் பெயரோடு பெண்டாட்டி பெயரும் வர வேண்டும். எங்கல் என்று போட இடம் பற்றவில்லை.

எங்கல் உத்தரத்தைப் பார்த்தாள். கோழிகளை விரட்டப் போய்விட்டாள். இது நல்லதற்கில்லை என்று அவனிடம் சொன்னேன். அவளுக்கு எழுத்து பிடித்திருக்கிறது என்றான்.

எனக்கு ஒன்று தெரிந்தது. அந்த உத்தரம் கதவுக்கு மேலே ஏறினால் அவன் பிழைத்தான். ஏறாவிட்டால் அந்தச் சிலுவையில் ஏற்கெனவே எழுதியிருப்பதுதான் அவன் கதி. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

வீட்டு மரத்தை, அதாவது தூணும் உத்தரமும் பூட்டிய சட்டத்தை, நிமிர்த்துவது ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற காரியமில்லை. ஊர் கூட வேண்டும். ஊரைக் கூப்பிடுவது தையல்காரர் டீடெரிக். கல்யாணம், கூரை எதுவானாலும் அவர்தான் நாடா கட்டிய தடியோடு வீடு வீடாகப் போவார். வாசலில் நின்று பாட்டுப் போலச் சொல்வார். ஒவ்வொரு வீட்டிலும் தடியில் ஒரு நாடா கட்டுவார்கள். ஒரு கோப்பை சாராயம் தருவார்கள். கடைசி வீடுகளுக்குப் பாட்டு முழுதாக வந்து சேராது. ஆனால் எந்த வீடு கூப்பிடுகிறது என்பதை மட்டும் அவர் ஒருநாளும் குழப்பியதில்லை.

டீடெரிக் பெர்ண்டிடம் கேட்டார், யார் பெயரில் கூப்பிடட்டும் என்று. லாம்பிங் என்றான் பெர்ண்ட். டீடெரிக் தடியைக் கீழே ஊன்றி மறுபடி கேட்டார். அவன் மறுபடி அதையே சொன்னான். யோசித்துச் சொல் என்றார். யோசித்துத்தான் உத்தரத்திலேயே செதுக்கியிருக்கிறேன் என்றான். தையல்காரனுக்கு என்ன வந்தது, துணி கொடுப்பவன் சொல்கிற அளவுக்குத் தைக்க வேண்டியதுதான் என்று டீடெரிக் கிளம்பினார். இது அவரே பின்னால் என்னிடம் சொன்னது.

என் வாசலுக்கு வந்தபோது அவர் இன்னும் நேராக நின்றார்.

"லாம்பிங் வீட்டில் மரம் நிமிரணும், தோள் கொடுக்க ஆள் வரணும். பெந்தெகொஸ்தே கழிஞ்ச செவ்வாய், விடிஞ்சதும் கெளம்பணும். கயிறும் கொண்டு வாங்க, தாகமும் கொண்டு வாங்க."

எனக்கு ஆச்சரியம்தான். லாம்பிங் எங்கள் வட்டத்து ஆள் இல்லை. எவெர்ட் யாரையும் எதற்கும் கூப்பிடுகிறவன் இல்லை. சோறு போட வேண்டியிருக்கும் என்று அவன் பெண் கல்யாணத்தையே யாரும் வர முடியாத அறுவடைக் காலத்தில் வைத்தான். ஆனால் அழைப்பு என்றால் அழைப்பு. போகாவிட்டால் அவமரியாதை. நாடா கட்டினேன், சாராயம் ஊற்றினேன்.

ஓஸ்டர்ஹோல்ட் முற்றத்தில் மரம் கிடக்கிறதே என்று நினைக்காமல் இல்லை. நான் நினைத்தேன், மனைவியும் நினைத்தாள். ஆனால் ஓஸ்டர்ஹோல்ட் வீட்டிலிருந்து எங்களுக்கு அழைப்பு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனாக எனக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது? அண்ணன் வீட்டு மரம் நிமிர்ந்த பிறகு தன் வீட்டுக்குக் கூப்பிடுவான் என்று மனைவி சொன்னாள். நியாயமாகப் பட்டது.

செவ்வாய் விடியலில் கயிறும் கோடரியும் ஏணியுமாகக் கிளம்பினோம். வழி பெர்ண்டின் வேலியை ஒட்டித்தான் போகிறது. அவன் வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றிருந்தான். பக்கத்தில் தச்சர். நாங்கள் தொப்பியை உயர்த்தினோம். அவனும் உயர்த்தினான். முகமெல்லாம் சிரிப்பு. முச்சந்தியில் எல்லோரும் கூடி ஊர்வலமாகத் திரும்பி வருவோம் என்று நினைத்தானாம். அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு உடுத்தி நிற்கிறான், பின்னால் வருவான் என்று நான் நினைத்தேன். வளைவில் திரும்பிப் பார்த்தேன். கை ஆட்டினான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எவெர்ட் லாம்பிங் சாணி வாரிக்கொண்டிருந்தான். முற்றம் நிறைய ஆட்களைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். என்ன என்று கேட்டான். உன் மரத்தை நிமிர்த்த வந்திருக்கிறோம் என்றேன்.

அவன் முகத்தில் பயம் தெரிந்தது. எங்களுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டுமே என்ற பயம். அந்த நேரம் பீர் வண்டி உள்ளே நுழைந்தது. லாம்பிங் வீட்டுக் கூரைக்கு என்று பெர்ண்ட் சொல்லி வைத்திருந்தது. பீருக்கு எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்றான் வண்டிக்காரன்.

யார் கொடுத்தது என்று எவெர்ட் கேட்கவில்லை. சாணி வாரும் கவைக்கோலை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"மரம் பின்னாடி இருக்கு," என்றான்.

உண்மையில் இருந்தது. களஞ்சியத்துக்கு என்று தச்சர் இழைத்து, எது எதில் சேரும் என்று அடையாளம் போட்டு வைத்த மரம். பீர் வாங்க மனமில்லாமல் இரண்டு குளிர்காலமாகப் புல் முளைத்துக் கிடந்தது. எங்களில் பாதிப் பேருக்கு இந்த வேலை தெரியும். தச்சர் இல்லாமலே நிமிர்த்தினோம். எவெர்ட்டின் மனைவி பன்றித்தொடைக் கறி கொண்டு வந்தாள். ஒவ்வொரு துண்டும் அவ்வளவு மெல்லிசு, அதன் வழியாகச் சதுப்பைப் பார்க்க முடிந்தது.

மத்தியானம் தாண்டி நான் உத்தரத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். பாதையில் ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. நடந்து வரவில்லை, ஓடவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில். பின்னால் தச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

பெர்ண்ட் முற்றத்தின் நடுவில் வந்து நின்றான். களஞ்சியத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தான். பீப்பாயைப் பார்த்தான். அது யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இங்க என்னய்யா பண்றீங்க?"

"லாம்பிங்குக்கு மரம் நிமித்துறோம்," என்றேன் மேலிருந்து.

"நான்தான் லாம்பிங்."

"நீ ஓஸ்டர்ஹோல்ட். லாம்பிங் அங்க நிக்கிறான்."

எவெர்ட் கோப்பையை உயர்த்திக் காட்டினான்.

பிறகு அண்ணனும் தம்பியும் சண்டை போட்டார்கள். நாங்கள் நன்றாகக் கேட்பதற்காகக் கீழே இறங்கினோம். லாம்பிங் என் ரத்தத்தில் இருக்கிறது என்றான் பெர்ண்ட். நீ இந்த வீட்டை விட்டுப் போனபோது ஒரு பெட்டியும் ஒரு கன்றுக்குட்டியும் வாங்கிக்கொண்டாய், பெயரைக் கேட்கவில்லை என்றான் எவெர்ட். கேட்டிருந்தால் கன்றுக்குட்டியைக் கொடுத்திருக்க மாட்டேன். பட்டாளத்தில் தன்னை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று பெர்ண்ட் ஆரம்பித்தான்.

"அப்போ பட்டாளத்துலயே போயி வீடு கட்டு," என்றான் எவெர்ட்.

சத்தம் கேட்டு, பண்ணையை மகனிடம் விட்ட கிழவர்கள் இருக்கும் ஒதுக்கு வீட்டிலிருந்து அவர்கள் அப்பா கெர்ட் வந்தார். சண்டையைத் தீர்க்க வரவில்லை. பீர் இருப்பதை யாரும் சொல்லவில்லை என்ற கோபம். கோப்பை கைக்கு வந்ததும் பெர்ண்ட் அவரைப் பிடித்துக்கொண்டான். நான் லாம்பிங் ரத்தம் இல்லையா, நீங்களே சொல்லுங்க என்றான்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கெர்ட். "நான் ரோலெஸ் வீட்டுக்காரன். உங்கம்மாவைக் கட்டுனப்போ லாம்பிங்னாங்க. சரின்னேன். சாப்பாடு ஆறிக்கிட்டு இருந்துச்சு."

"அப்போ நாம ரோலெஸா?"

"எங்கப்பன் ரோலெஸுக்கு வாழ வந்தவன்."

"எங்கேருந்து?"

கெர்ட் யோசித்தார். மேற்கே என்றார். பிறகு, கிழக்கா இருக்கலாம் என்றார். கோப்பையை மறுபடி நீட்டினார்.

பெர்ண்ட் மரக்குவியல் மேல் உட்கார்ந்தான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ரஷ்யாவரை சுமந்து போன பெயர், திரும்பிப் பார்த்தால் அவன் அப்பாவுடையதுகூட இல்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவர்கள் களஞ்சியத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள்.

எவெர்ட்டுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. லாம்பிங் என்று செதுக்கிய ஓர் உத்தரம் தம்பி முற்றத்தில் கிடப்பதாகத் தச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். நீளமும் விசாரித்தான். தன் களஞ்சியக் கதவுக்குச் சரியாக இருக்கும், அங்கே சும்மா கிடப்பதற்கு இங்கே வரலாம் என்றான். பெயர் தன்னுடையதுதானே.

அந்தச் சமயம் எங்கல் வண்டியில் வந்து இறங்கினாள். ஊருக்குச் சமைத்ததை யார் தின்பது? பட்டாணிக் கஞ்சி அண்டாவும் கறியும் கறுப்பு ரொட்டியுமாக வண்டி நிறைந்திருந்தது. எவெர்ட் வீட்டுக் கறியைத் தின்ற நாங்கள் வண்டியை நோக்கி நகர்ந்தோம். அவள் கரண்டியைக் காட்டி நிறுத்தினாள்.

"உத்தரத்தை எடுத்துக்கோ," என்றாள் எவெர்ட்டிடம். "எங்க பீரை நீ குடிச்சாச்சு. எங்க கூரைக்கு நீ பீர் வாங்கு. இவ்வளவு பேருக்கும்."

எவெர்ட் உத்தரம் வேண்டாம் என்றான். வேண்டாமென்றாலும் பீர் உண்டு என்றாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியானால் உத்தரத்தைத் தந்துவிடு என்றான் எவெர்ட்.

பெர்ண்ட் தலை நிமிர்ந்தான். அது என் உத்தரம், என்னைக் கேட்க வேண்டாமா என்றான். செத்தவன் பெயரில் வாழ்ந்து பார் தெரியும் என்றான். ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் கல்லறைக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா என்றான். அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

எங்கல் கரண்டியை அண்டாவில் வைத்தாள்.

"செத்தவன் பொறப்புலேயே ஓஸ்டர்ஹோல்ட்டுன்னு உனக்கு யார் சொன்னா? அவன் ப்ரூகர் வீட்டுலேருந்து வந்தவன். ரெண்டு வருஷம் உன்ன மாதிரியேதான் மொணகிக்கிட்டுக் கெடந்தான்."

பெர்ண்ட் மரக்குவியலிலிருந்து எழுந்தான்.

"எங்கப்பனும் வாழ வந்தவன்தான். எங்க தாத்தனும் அப்படித்தான். அந்த வீட்டுல எப்பவும் பொண்ணுதான் தங்கும். அந்தப் பேரோட பொறந்தவ இன்னிக்கு ஒருத்திதான் இருக்கா. அவனுக்கும் நான்தான் குடுத்தேன், உனக்கும் நான்தான் குடுத்தேன். செத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்ட மாதிரி அலையுற. அது என் சட்டை."

"எனக்கு யாரும் சொல்லல," என்றான் பெர்ண்ட்.

"உன் உத்தரத்துல எடமில்லாமப் போச்சு."

அதன்பிறகு அவள் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தாள். நாங்கள் வரிசையில் நின்றோம். பெர்ண்டும் நின்றான். அவன் முறை வந்தபோது எல்லோருக்கும் ஊற்றிய அளவே ஊற்றினாள். அவன் நகராமல் நின்றான். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள்.

எல்லோரும் தின்று முடித்ததும், எங்களோடு வந்திருந்த டீடெரிக் முன்னால் வந்தார். தடியை ஊன்றினார். யார் பெயரில் கூப்பிடட்டும் என்று கேட்டார். கெர்ட்கூட உறிஞ்சுவதை நிறுத்தினார்.

பெர்ண்ட் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தான். கஞ்சி சிந்தியிருந்தது.

"இவ பேர்ல," என்றான்.

"அப்படிச் சொன்னா எனக்குப் புரியாது. வீட்டைச் சொல்லணும்."

"ஓஸ்டர்ஹோல்ட்."

அது அவன் வாயிலிருந்து வந்ததை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

எல்லோரும் இங்கேயே இருக்கிறோம், இப்போதே கூப்பிட்டுவிடுங்கள் என்று டீடெரிக்கிடம் சொன்னோம். அவர் மறுத்துவிட்டார். ஒருவனை அவன் வாசலில்தான் கூப்பிட முடியும். மற்ற இடத்தில் சொன்னால் அது வெறும் பேச்சு. ஆகவே நாங்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, அவர் வருவதற்குமுன் அவரவர் வாசலில் போய் நிற்பதற்காகச் சதுப்பைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போனோம். அவரும் அதே பாதையில் எங்கள் பின்னாலேயே வந்தார். என் வாசலில் வந்து நின்று, தெரியாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து, முதல் வரியிலிருந்து சொன்னார். நான் சாராயம் ஊற்றினேன்.

வியாழக்கிழமை ஒருவர் பாக்கியில்லாமல் ஓஸ்டர்ஹோல்ட் முற்றத்தில் இருந்தோம். எவெர்ட் பீரோடு வந்தான். பீப்பாயின் மேலேயே உட்கார்ந்து வந்தான். போகும்போது உத்தரத்தை ஏற்றிப் போவதற்குப் பெரிய வண்டி. கதவுக்கு மேலே செதுக்காத ஓக் மரம் ஒன்று ஏறியது. அதில் என்ன எழுதுவது என்பதை வீட்டார் இன்னும் பேசி முடிக்கவில்லை. யார் பெயர் முதலில் என்பதில் இழுபறி.

மாலைக்குள் கடைசிக் கைமரம் பூட்டியாயிற்று. தச்சர் கோப்பையோடு முகட்டில் ஏறினார். வீட்டின் பெயரை அவர் உரக்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரன் கீழேயிருந்து பதில் தர வேண்டும். பதில் வந்த பிறகே குடிக்கலாம்.

"ஓஸ்டர்ஹோல்ட்."

பெர்ண்ட் தொண்டையைச் செருமினான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். வாயைத் திறந்தான்.

"இங்கே," என்றாள் எங்கல், அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து.

தச்சர் கோப்பையை உயரப் பிடித்தபடி நின்றார். பெண் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. இது செல்லுமா என்று தெரியாமல் நாங்கள் டீடெரிக்கைப் பார்த்தோம். அவர் யோசித்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, பெயருக்குரியவள் பதில் தந்தது, இதில் முறை எங்கே தவறியது என்றார்.

தச்சர் குடித்தார். கோப்பையை எறிந்தார். அது கல்லில் பட்டு உடைந்தது. எல்லோரும் பீப்பாய்ப் பக்கம் நகர்ந்தார்கள்.

"நானும்தான்," என்றான் பெர்ண்ட். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.